உயரத்தை அளந்தவர்கள்

சென்ற ஆண்டு ஏப்ரல் 14 ராத்திரி எங்கள் சேரியில் மின்னொளி கைப்பந்துப் போட்டி நடந்தது. கோப்பை கொடுக்க வந்தவர் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நம்மவர்தான், அதனால் பெயர் வேண்டாம். மைக்கைப் பிடித்தவர் முக்கால் மணி நேரம் விடவில்லை. "அமெரிக்காவுல கறுப்பருங்க எப்பிடி மேல வந்தாங்க? ரோட்டுல நின்னு கோஷம் போட்டா வந்தாங்க? வெளையாண்டாங்க, ஜெயிச்சாங்க, வெள்ளைக்காரன் தானா எழுந்து கை தட்டுனான். நீங்களும் எடஒதுக்கீடு எடஒதுக்கீடுன்னு கேக்கறத விட்டுட்டு பந்தப் புடிங்க. பந்துக்கு சாதி தெரியாது." பையன்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேச்சு முடிந்துவிட்ட சந்தோஷம்.

பந்துக்கு சாதி தெரியாதுதான். பந்துக்கு எதுவுமே தெரியாது, அது காற்றடைத்த தோல். ஆனால் அந்தத் தோலைப் பதப்படுத்தியவனின் சாதி ஊருக்கே தெரியும். ஜலந்தரிலும் மீரட்டிலும் பந்து தைத்துத் தேய்ந்த விரல்கள் யாருடையவை என்று ஓய்வுபெற்ற அய்யாவுக்கும் தெரியும். இப்போது செயற்கைத் தோல் வந்துவிட்டது என்பார்கள். வரட்டும், விரல் மாறவில்லை.

அன்று மேடையில் ஏறி மறுத்துப் பேச எனக்கு தைரியம் வரவில்லை. கோப்பைக்குப் பணம் தந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கடனை இங்கே அடைக்கிறேன். அவர் சொன்ன அந்த "வெளையாண்டு மேல வந்த" கறுப்பர்களில் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். முகம்மது அலி இல்லை, அவரைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நம் பையன்கள் ஆடும் அதே வாலிபால் ஆடியவர், ஒரு பெண். பெயர் ஃப்ளோ ஹைமன்.

1954 ஜூலை 31இல் பிறந்தார். அதற்கு இரண்டரை மாதம் முன்புதான், மே 17இல், பள்ளிக்கூடத்தில் கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் பிரித்து உட்கார வைப்பது செல்லாது என்று பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கலிபோர்னியாவில் இங்கிள்வுட் என்ற ஊரில் வளர்ந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் துப்புரவு வேலை, பிறகு மேற்பார்வையாளர் ஆனார். அம்மா சின்னதாக ஒரு உணவுக்கடை நடத்தினார். 12 வயதிலேயே பிள்ளை 6 அடி வளர்ந்துவிட்டாள். 17 வயதில் 6 அடி 5 அங்குலம். கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்ய, கூனிக் கூனி நடந்திருக்கிறாள். நிமிர்ந்து நட என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் அம்மா. நம் தெருப் பெண்கள் ஊர்த்தெருவைக் கடக்கும்போது கூனுகிறார்களே, அதற்கு உயரம் காரணமில்லை. ஆனால் நிமிர்ந்து நடக்கச் சொல்லும் அம்மாக்கள் நம்மிடமும் உண்டு.

அந்தக் கூன் நிமிர்ந்தது கைப்பந்தில்தான். இதை நான் மறுக்கவில்லை. விளையாட்டு ஒரு உடம்பை அதன் அவமானத்திலிருந்து மீட்கும், அதைக் கண்ணால் பார்த்தவன் நான். என் சண்டை விளையாட்டோடு இல்லை. "பந்தப் புடி, சட்டத்த விடு" என்கிறார்களே, அந்தப் பேச்சோடுதான்.

எழுபதுகளின் நடுவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் ஃப்ளோ ஹைமனுக்கு விளையாட்டு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. விளையாட்டுக்காக அந்தப் பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்த முதல் பெண் அவர். ஏன் கொடுத்தது? அவர் அடித்த அடியைப் பார்த்து மனம் இளகியா? அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பு மாணவர்களை உள்ளே விட்டதே 1962இல்தான். ஃப்ளோ எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் அந்த வாசலில் அவருக்கு இடமில்லை. அது கறுப்புக்கான கதவு. பெண்ணுக்கான கதவு இன்னும் பத்து வருடம் கழித்துத் திறந்தது. 1972இல் கல்விச் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அரசு நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பெண் என்பதற்காக ஒருவரை ஒதுக்கக்கூடாது என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் மொத்தம் 37 சொற்கள். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் அந்த 37 சொற்கள்தான் அந்த நாட்டுப் பெண்களுக்கு மைதானத்தைத் திறந்துவிட்டன. (பம்பாயில் தலித் சிறுத்தைகள் புறப்பட்டதும் அதே 1972. அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை நம் தோழர்கள் எடுத்துக்கொண்டது தற்செயல் இல்லை. 1946இலேயே பாபாசாகேப் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதிவிட்டார். கறுப்பர் கதையை நாம் கடன் வாங்குகிறோம் என்று முகம் சுளிக்கும் இலக்கியவாதிகளுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.)

ஆக வரிசை இதுதான். முதலில் நீதிமன்றத்திலும் தெருவிலும் நின்றவர்கள் கதவைத் திறந்தார்கள். பிறகு சட்டம் வந்தது. அதற்கும் பிறகுதான் ஃப்ளோ ஹைமனின் ஸ்மாஷ். நம் அய்யா இந்த வரிசையைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, ஸ்மாஷ் அடித்ததால் கதவு திறந்தது என்கிறார். 1990இல் மண்டலை எதிர்த்து "தகுதி, திறமை" என்று கூச்சல் போட்டார்களே, அவர்கள் சொன்னதும் இதுதான். அதை அவர்கள் சொன்னால் புரிந்துகொள்ளலாம். இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போய், இடஒதுக்கீட்டில் பதவி உயர்வு வாங்கி, ஓய்வூதியத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதை எந்தக் கணக்கில் வைப்பது?

விளையாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1895இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவர் கண்டுபிடித்தது கைப்பந்து. கூடைப்பந்தில் உடம்போடு உடம்பு இடிக்கிறது, நடுவயது கனவான்களுக்கு அது ஆகாது என்று நடுவில் வலையைக் கட்டினார். ஆளை ஆள் தொடாத ஆட்டம். நம் நாட்டில் அது நன்றாக வேர் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். சடுகுடு என்றால் காலைப் பிடிக்கணும், மேலே விழுந்து அமுக்கணும். ஊர்ப் பையன் சேரிப் பையன் காலைப் பிடிக்க வேண்டி வரும். வாலிபாலில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் பக்கத்து ஊரில் எங்கள் அணியோடு வாலிபால் மட்டும்தான் ஆடுவார்கள். சடுகுடு என்றால் "டயம் இல்லப்பா".

ஆனால் அதே ஆட்டத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. சுழற்சி. எதிரணி போட்ட சர்வீஸை முறித்துப் புள்ளி எடுத்தால் ஆறு பேரும் கடிகாரச் சுற்றில் ஒரு இடம் நகர வேண்டும். முன்வரிசையில் நின்று அடித்தவன் பின்வரிசைக்குப் போய் மண்ணில் விழுந்து பந்தை எடுத்தாக வேண்டும். எவனும் பிறந்த இடத்திலேயே நிற்க முடியாது. ஃப்ளோ ஆடிய காலத்தில் இதில் விலக்கே இல்லை. முன்னால் நின்று அடிக்க மட்டும் ஆறரை அடி ஆள் என்று வைத்துக்கொள்ள முடியாது, அவரும் தரையில் விழப் பழகவேண்டியிருந்தது. 1998இல் லிபரோ என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு வேறு நிறச் சட்டை. பின்வரிசையில் விழுந்து எடுப்பது மட்டும்தான் வேலை. வலைக்கு மேலே அடிக்கக்கூடாது, தடுக்கக்கூடாது. இதைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், எழுத மாட்டேன். எதைப் பார்த்தாலும் உவமை தேடுவது எம்.ஏ. தமிழ் படித்தவனின் வியாதி.

1974இல் ஃப்ளோ அமெரிக்க தேசிய அணிக்குப் போனார். ஹூஸ்டனில் கடைசி ஆண்டுப் படிப்பை முடிக்கவில்லை. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கிற்கு அணி தகுதியே பெறவில்லை. பிறகு ஆரி செலிஞ்சர் என்ற பயிற்சியாளரின் கீழ் வருடம் முழுக்க ஒரே இடத்தில் தங்கி நாள் முழுக்கப் பயிற்சி. 1980 மாஸ்கோவுக்கு அணி தயார். ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் காரணம் காட்டி கார்ட்டர் அரசு ஒலிம்பிக்கையே புறக்கணித்துவிட்டது. 26 வயது, உடம்பு உச்சத்தில் இருந்த நேரம். வல்லரசுகளின் சண்டையில் ஆறு வருட உழைப்பு போயிற்று. யாரும் அவரிடம் கேட்கவில்லை. 1981 உலகக் கோப்பையில் மிகச் சிறந்த ஆறு ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1982 உலகப் போட்டியில் வெண்கலம். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், சொந்த மண்ணில், இறுதிப் போட்டியில் சீனாவிடம் தோற்று வெள்ளி. அமெரிக்கப் பெண்கள் கைப்பந்தில் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

பதக்கம் வாங்கிய பிறகு? அந்த நாட்டில் அந்த ஆண்டுகளில் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கைப்பந்து ஆடவைக்கும் லீக் இல்லை. உலகத்தின் பணக்கார நாடு, முப்பது வயதில் கழுத்தில் வெள்ளியோடு நிற்கும் பெண்ணுக்கு அவர் கற்ற தொழிலில் வேலை இல்லை என்றது. பிழைக்க ஜப்பான் போனார். அங்கே டையே என்ற பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் அணியில் தொழில்முறை ஆட்டக்காரர்.

ஜப்பானில் கைப்பந்து எப்படி வளர்ந்தது என்பது தனிக்கதை. 1964 டோக்கியோவில் தங்கம் வாங்கிய பெண்கள் அணியில் பெரும்பாலோர் நிச்சிபோ கைசுகா என்ற நூற்பாலை அணியின் பெண்கள். பகலில் ஆலை வேலை, அதன்பின் நள்ளிரவு வரை பயிற்சி. "கீழைத்தேய சூனியக்காரிகள்" என்று பெயர் வைத்தார்கள் அவர்களுக்கு. ஆலை முதலாளிக்கு விளம்பரம், நாட்டுக்குத் தங்கம், பெண்களுக்கு சூனியக்காரிப் பட்டம். கோவை, திருப்பூர் பக்கம் ஆலை விடுதிகளில் கிடக்கும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நல்லவேளை, இங்கே யாருக்கும் கைப்பந்து ஆடவைக்கத் தோன்றவில்லை.

1986 ஜனவரி 24. ஜப்பானில் மட்சுயே நகரம். ஹிட்டாச்சி அணியோடு ஆட்டம். வழக்கமான மாற்றுக்காக ஃப்ளோவை வெளியே எடுத்தார்கள். பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சத்தமில்லாமல் சரிந்து தரையில் விழுந்தார். இறந்துபோனார். வயது 31.

மாரடைப்பு என்றார்கள் முதலில். அப்படியே எழுதி முடித்திருப்பார்கள். குடும்பம் ஒப்புக்கொள்ளவில்லை. உடலைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து பிரேதப் பரிசோதனை செய்யவைத்தது. பிறகுதான் தெரிந்தது, இதயத்தில் கோளாறே இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருந்தது. மார்ஃபான் நோய். உடம்பின் இணைப்புத் திசுக்கள் பிறவியிலேயே பலவீனமாக இருக்கும் பரம்பரைக் குறைபாடு. குழாயில் பலவீனமாக இருந்த இடம் நம் ஊர் பழைய இருபத்தைந்து பைசா அளவுகூட இல்லை. அந்த இடத்தில் சுமார் மூன்று வாரத்துக்கு முந்தைய ரத்தக்கட்டு ஒன்றும் இருந்தது. அதாவது, ஏற்கெனவே ஒருமுறை கிழிந்து தானாக ஆறத் தொடங்கியிருந்திருக்கிறது. மறுபடி கிழிந்ததுதான் உயிரை எடுத்தது. பிறகு குடும்பத்தில் மற்றவர்களைச் சோதித்ததில் உடன்பிறந்த ஒருவருக்கும் அதே நோய் இருந்தது. அவருக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். அக்காவின் பிணத்தை அறுத்ததால் பிழைத்த உயிர் அது.

மார்ஃபான் நோயின் வெளி அடையாளங்கள் என்னென்ன தெரியுமா? அளவுக்கு மீறிய உயரம். நீளமான கைகால்கள். நீண்ட விரல்கள். கிட்டப்பார்வை. இரண்டு கையையும் விரித்தால் அந்த நீளம் ஆளின் உயரத்தைவிட அதிகமாக இருப்பதை ஒரு அறிகுறியாக மருத்துவர்கள் டேப் வைத்து அளந்து பார்க்கிறார்கள். கைப்பந்துக்கு ஆள் எடுப்பவர்களும் அதே கைவிரிப்பை, அதே மாதிரி டேப்பால், அளக்கிறார்கள். அவர்களுக்கு அது தகுதி. ஃப்ளோ ஹைமனைப் பள்ளியில் அளந்தார்கள், பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள், தேசிய அணியில் அளந்தார்கள், ஜப்பானில் அளந்தார்கள். அவர் கை எவ்வளவு உயரம் எட்டும் என்று அங்குலம் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள் நாலு கண்டத்தில் இருந்தார்கள். அந்தக் கை ஏன் அவ்வளவு நீளம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நோயை அந்துவான் மார்ஃபான் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தது 1896இல். தொண்ணூறு வருடமாகப் புத்தகத்தில் இருந்த நோய்.

ஒரு தோழர் இதைக் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்திருந்தாலும் அன்று கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், இதில் எதற்கு நிறத்தை இழுக்கிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. நிறத்தைப் பார்த்துத்தான் மருத்துவர் கைவிட்டார் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை, சொல்லவும் மாட்டேன். நான் சொல்வது வேறு. ஒரு உடம்பை அதன் பயனுக்காக மட்டுமே பார்க்கிற கண் ஒன்று இருக்கிறது. நிலத்தில், ஆலையில், சாக்கடையில், மைதானத்தில் எல்லாம் அதே கண்தான். களத்துமேட்டில் நின்று "இவன் நாலு மூட்ட தூக்குவான்" என்று சொல்கிற ஆண்டையின் கண். அந்தக் கண்ணுக்கு நோய் தெரியாது. வேலை நின்றால்தான் தெரியும். காலங்காலமாக அந்தக் கண்ணால் பார்க்கப்பட்டவர்கள் கறுப்பர்களும் நாமும். அதனால் அந்தப் பெஞ்சில் சரிந்த உடம்பைப் பார்த்து நமக்கு வேறு மாதிரி வலிக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அய்யா சொன்னதற்கு நேரடியான பதில் இதுதான்.

1984 பிப்ரவரி 28. ஃப்ளோ வெள்ளி வாங்குவதற்கு ஐந்து மாதம் முன்பு அமெரிக்க உச்சநீதிமன்றம் குரோவ் சிட்டி கல்லூரி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அரசு நிதி கல்லூரியின் எந்தப் பிரிவுக்கு நேராகப் போகிறதோ அந்தப் பிரிவை மட்டும்தான் பாகுபாட்டுத் தடைச் சட்டம் கட்டுப்படுத்தும் என்றது. விளையாட்டுத் துறைக்கு நேராக அரசுப் பணம் வருவதில்லை. ஆகவே அங்கே பெண்ணுக்கு இடமில்லை என்று சொல்ல வழி பிறந்தது. (அரசு உதவிபெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் ஆள் எடுக்கும்போது இனச்சுழற்சி என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். "அது வேற கணக்கு சார்" என்பார்கள். வேலை தேடி அலைந்த காலத்தில் எனக்குச் சொன்ன பதில்.) பெண்ணுக்கான சட்டம் மட்டும் இல்லை, நிறத்துக்கு எதிரான சட்டம், ஊனமுற்றோருக்கான சட்டம், முதியோருக்கான சட்டம் எல்லாவற்றிலும் அதே வாசகம். எல்லாம் ஒரே தீர்ப்பில் ஆட்டம் கண்டன.

அப்போது ஃப்ளோ ஹைமன் என்ன செய்தார்? நான் ஜெயித்துவிட்டேன், என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கோப்பை கொடுக்கப் போகவில்லை. வாஷிங்டனுக்குப் போனார். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா, விண்வெளிக்குப் போய்வந்த சாலி ரைடு, துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஜெரால்டின் ஃபெராரோ ஆகியோரோடு சேர்ந்து நின்று, அந்த ஓட்டையை அடைக்கக் குடியுரிமை மீட்புச் சட்டம் வேண்டும் என்று வாதாடினார். சட்டம் இல்லாவிட்டால் தன் உயரம் வெறும் உயரம் என்று தெரிந்த பெண் அவர்.

அவர் உயிரோடு இருந்தபோது அந்தச் சட்டம் வரவில்லை. இறந்து இரண்டு வருடம் கழித்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ரீகன் தன் அதிகாரத்தால் அதைத் தடுத்தார். 1988 மார்ச் 22இல், மேலவையில் 73க்கு 24, கீழவையில் 292க்கு 133 என்று வாக்களித்து அவர் தடையைத் தள்ளிவிட்டு இரண்டு அவைகளும் சட்டத்தைக் கொண்டுவந்தன. நிறம், பால், ஊனம், வயது என்று நாலு வகைப் பாகுபாட்டுக்கும் அது பொருந்தும். கறுப்பர் என்றும் பெண் என்றும் தன்னை அறிந்திருந்தவர், இன்னொரு வகையிலும் அந்தச் சட்டம் தனக்கானது என்று தெரியாமலே அதற்காகப் பேசியிருக்கிறார்.

அதே 1988இல் கைப்பந்து பிறந்த ஹோலியோக் நகரில் இருக்கும் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். அவர் நினைவாக 1987இல் பெண்கள் விளையாட்டு நாள் என்று ஒன்றைத் தொடங்கினார்கள், இன்றும் கொண்டாடுகிறார்கள். அவர் பெயரில் ஒரு விருதும் கொடுத்தார்கள். 2004க்குப் பிறகு விருது இல்லை. நாள் மட்டும் இருக்கிறது. யாருக்காக அந்த நாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. சட்டப் புத்தகத்தை மறந்துவிட்டு கோட்டு சூட்டை மட்டும் கும்பிடுகிற நமக்கு இதில் ஆச்சரியம் என்ன?

இவ்வளவையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் பெரியம்மா மகன். அண்ணன் என்றுதான் எழுதுவேன். 6 அடி 2 அங்குலம். தெருவில் "கொக்கு" என்று பேர். எட்டாவது படிக்கும்போது ஒரு விளையாட்டு விடுதிக்கு அவனை எடுத்தார்கள். எடுக்க வந்தவர் எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு அவனைக் குதிக்கச் சொன்னார். அந்தக் கோடு ரொம்ப நாள் அங்கே இருந்தது. வெள்ளையடித்த பிறகும் நாங்கள் கரியால் மறுபடி போட்டோம். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பெரியம்மா முதலில் கேட்பது "கறி போடறாங்களாடா?" என்பதுதான். போட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் கறி, தினமும் முட்டை. எங்கள் ஆதிதிராவிடர் நல விடுதியில் சாம்பாரில் பருப்பைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது.

கல்லூரி, பல்கலைக்கழக அணி, பிறகு ஒரு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் என்பதைக் கவனியுங்கள். ஆடுகிற வரைக்கும் சம்பளம். மூன்றாவது வருடம் முழங்காலில் ஏதோ அறுந்தது. ஊசி போட்டு ஆடவைத்தார்கள். இன்னொரு தொடர் முடியட்டும் என்றார்கள். அந்தத் தொடரும் முடிந்தது, காலும் முடிந்தது. ஸ்கேன் செலவு யாருடையது என்று கேட்டதற்கு, "கிரவுண்டுலதான் அடிபட்டுதுன்னு எழுதிக் குடுத்தியா?" என்று திருப்பிக் கேட்டார்களாம். எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல அவனுக்கு ஆள் இல்லை. சங்கம் இல்லை. டிகிரியில் நாலு பேப்பர் பாக்கி. ஆட்டத்துக்குப் போன நாளில்தான் அந்தப் பரீட்சைகள் நடந்தன.

2019இல் நம் நாட்டிலும் கைப்பந்துக்கு ஏலம் போட்டு ஆள் எடுக்கும் லீக் வந்தது. முதல் வருடம் சென்னை அணிதான் கோப்பையை வாங்கியது. பிறகு கூட்டமைப்போடு தகராறாகி அது நின்று, 2022இல் வேறு பெயரில் வேறு லீக் வந்தது. டி.வி.யில் வெளிச்சமும் பாட்டுமாக அதைப் பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னான்: "பத்து வருசம் லேட்டா பொறந்திருக்கணும்டா." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "முட்டி அதே முட்டிதான, இன்னா ஆயிருக்கும்?" என்றான். பகலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். சாயங்காலம் எங்கள் தெரு முனையில் வேப்பமரத்துக்கும் கரண்டு கம்பத்துக்கும் நடுவில் வலை கட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். பையன்கள் குறைவு, அவர்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். பெண் பிள்ளைகள்தான் அதிகம்.

அவர்களில் ஒரு பெண் பதிமூன்று வயதுக்கு 5 அடி 9 அங்குலம். ஒல்லி. நீள விரல். கனமான கண்ணாடி. பந்தைத் தூக்கிப் போட்டால் வலைக்கு மேலே இடுப்பு தெரிகிற மாதிரி எகிறுகிறாள். போன மாதம் ஒரு விளையாட்டு விடுதிக்கு அவளைச் சேர்க்க அண்ணன் படிவம் வாங்கி வந்து, நிரப்பித் தரச் சொன்னான். உயரம், எடை, கைவிரிப்பு, நின்று எட்டும் உயரம், குதித்து எட்டும் உயரம், சாதிச் சான்றிதழ் எண். அண்ணன் டேப்பைப் பிடித்தான். கையை விரித்து நின்றாள். உயரத்தைவிட நாலு அங்குலம் கூடுதல். அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, வெச்சிருக்கா பாரு கைய!" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். உயரமான பிள்ளைகள் எல்லோருக்கும் நோய் இல்லை. கண்ணாடி போட்டவர்கள் எல்லோருக்கும் இல்லை. அவள் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு மூன்று பேரும் போனோம். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டரம்மா அவள் விரல்களைப் பார்த்தார், கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னார், ஒன்றும் சொல்லாமல் எக்கோ எடுக்க எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் கழித்துத் தேதி கிடைத்திருக்கிறது. விடுதிப் படிவத்துக்குக் கடைசி நாள் அதற்கு முன்பே வருகிறது.

படிவத்தில் இதயம் பற்றி ஒரு வரி கிடையாது. கைவிரிப்புக்குக் கீழே ஸ்கேலால் ஒரு கோடு போட்டு, "இதயப் பரிசோதனை: எக்கோவுக்கு எழுதப்பட்டுள்ளது, முடிவு வரும்வரை கடும் பயிற்சி கூடாது" என்று பேனாவால் எழுதி, டாக்டரம்மாவின் சீட்டு நகலையும் பின் குத்திக் கொடுத்தேன். வாங்கினவர் அந்த வரியைப் படித்தார். பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல ஹைட்டு சார். இத எதுக்கு எழுதுனீங்க? வேற ஃபார்ம் தர்றேன், எழுதாம குடுங்க" என்றார். வேற ஃபார்ம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்ததற்கு ரசீது கேட்டேன். அப்படி வழக்கமில்லையாம். தேதி போட்டுக் கையெழுத்து வாங்கும்வரை நானும் அண்ணனும் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் மூணரை மணிக்குப் போட்டுக் கொடுத்தார்கள்.